பற்ற மறுத்த பட்டை

அக்னிப் பரிசோதனை இலாகா நாட்டுக்குச் செய்துவரும் சேவை அளவிட முடியாதது. அளந்து பார்க்க யாரும் முன்வந்ததில்லை.

அந்த இலாகாவுக்குத்தான் என் அத்தான் ஒரு நைலான் பட்டையோடு போனார். துணைக்கு நான். அத்தான் பிளாஸ்டிக் கம்பெனியில் ரசாயன நிபுணர். மின்சார பிளக் செய்கிற நைலானில் தீப்பிடிக்காமலிருக்க ஹாலஜன் வகை மருந்து கலப்பார்கள். அதையும் மீறி எரிந்தால் வருகிற புகை ஆளைச் சாய்த்துவிடும். அத்தான் அந்தச் சனியனைத் தூக்கி எறிந்துவிட்டு, பாஸ்பரஸில் வேறொரு மருந்து கண்டுபிடித்தார். சான்றிதழ் கிடைக்காவிட்டால் ஆய்வுக்கூடத்தை மூடி, அவரை வாளி விற்க அனுப்பப்போவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

"வாளியத் தூக்கிட்டு வீட்டுப் பக்கம் வந்துடாதீங்க" என்று அக்காவும் சொல்லியிருந்தாள்.

இலாகாவில் பற்றவைக்க ஒருவர், கடிகாரம் பார்க்க ஒருவர், இருவரையும் பார்க்க ஒரு மேலதிகாரி. பற்றவைப்பவர் பட்டையில் சுடரைக் காட்டினார். பட்டை கறுத்தது, உப்பியது, பற்றவில்லை. மறுபடியும் காட்டினார். ஊஹூம்!

"பாஸ்!" என்று குதித்தேன்.

"ஃபெயில்" என்றார் மேலதிகாரி.

"சார், எரியவே இல்லையே!"

"அதனாலதான் ஃபெயில். பற்றிய தீ தானாக அணைய வேண்டும், அதான் விதி. பத்தாதது எப்படிய்யா அணையும்? கல்யாணமே ஆகாதவனுக்கு விவாகரத்து குடுக்க முடியுமா?"

கடிகாரக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "எல்லாரும் இப்படி எரியாமலே செஞ்சா, நான் எதை சார் அளக்கிறது? எனக்கும் குடும்பம் இருக்கு."

மேலதிகாரி பட்டையில் 'ஃபெயில்' சீட்டு ஒட்டி இலாகா அலமாரியில் வைத்துப் பூட்டினார். அத்தான் கேட்டார், "இப்ப நான் என்னதான் சார் பண்ணணும்?"

"கொஞ்சம் பத்திக்கிற மாதிரி கொண்டாங்க. ரொம்ப வேணாம். கௌரவமா எரியணும்."

பாவம், அத்தான் மருந்தைப் பாதியாகக் குறைத்தார். புதுப் பட்டை கௌரவமாக எரிந்து கௌரவமாக அணைந்தது. கடிகாரக்காரர் கைதட்டினார். சான்றிதழோடு, 'ஹாலஜன் இல்லாதது' என்று பச்சை இலை ஸ்டிக்கரும் கிடைத்தது.

அப்புறம் பிடித்தது பாருங்கள், ஊருக்கே பைத்தியம்! ஹாலஜன் இல்லாத பிளக், ஹாலஜன் இல்லாத சீப்பு, ஹாலஜன் இல்லாத தலையணை. எதிர்வீட்டு அம்மாளிடம், "ஹாலஜன்னா என்னங்க?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் தெரியாது. இதுல இல்ல, அவ்வளவுதான்."

இலாகாவும் பெருமையோடு பச்சை இலை பிளக்குகளை மாட்டிக்கொண்டது. ஒரு விடுமுறை நாளில் அதில் ஒன்று பற்றியது. அளக்க ஆள் இல்லாததாலோ என்னவோ, அணையவில்லை. கட்டடமே சாம்பல். சாம்பலுக்குள் முழுசாகக் கிடந்தது ஒன்றே ஒன்றுதான்: அத்தானின் ஃபெயிலான பழைய பட்டை.

விசாரணை நடந்தது. "எல்லாம் எரிஞ்சிருக்கு. உங்களுது மட்டும் எரியல. தீ வரப்போகுதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு!" என்றார் மேலதிகாரி.

"உங்க ஆராய்ச்சி போதும்" என்று முதலாளி அத்தானை வாளி விற்க அனுப்பிவிட்டார்.

விற்பனையா அது? அடிதடி! வீட்டுக்கு வீடு பச்சை இலை பிளக் இருக்கிறதே. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு வாளி மணல் வைக்க வேண்டாமா? தெருவில் அத்தானை மொய்த்துவிட்டார்கள். கூட்டத்தை நான் விலக்கிக்கொண்டிருந்தபோது அக்கா போன் செய்தாள்.

"டேய், அத்தான்கிட்ட சொல்லு. நம்ம வீட்டுக்கும் நாலு வாளி எடுத்துட்டு வரச் சொல்லு. பச்சை இலை ஒட்டினதா பாத்து!"