குறை சொல்ல ஆளில்லை

சகாயராஜ் கிடாரின் இரண்டாவது கம்பியை வேண்டுமென்றே தளர்த்திவிட்டுத்தான் பாட உட்கார்ந்தார்.

மனிதர் திண்டிவனத்தில் ஒரு பெயின்ட் கடையில் கலர் கலந்து கொடுப்பவர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கிடாரை முதுகில் மாட்டிக்கொண்டு பொம்மையார்பாளையம் தென்னந்தோப்புக்கு வந்துவிடுவார். அங்கே பத்துப் பதினைந்து பேர், மைக் இல்லாமல், தாங்களே எழுதிய பாட்டுகளைப் பாடுவார்கள். பாட்டு முடிந்ததும் கைதட்டக் கூடாது. குறை சொல்ல வேண்டும். அதுதான் அந்தக் கூட்டத்தின் சட்டம்.

அந்தச் சட்டத்தை உயிராக மதித்தவள் அவர் மனைவி ஆரோக்கியசெல்வி. அவளுக்குப் பாடத் தெரியாது. ஆனால் புருஷனுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "ஐயே, அந்த வரிய மாத்து" என்று எல்லார் முன்னாலும் சொல்வாள். அவர் முறைப்பார். அப்புறம் மாற்றுவார். பாட்டு நன்றாகிவிடும், என்ன செய்வது!

அவள் நோயில் படுத்தபோது தோப்புக்காரர்கள் எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தார்கள். அவள் போய் வருஷம் ஆகப் போகிறது. வருகிற சனிக்கிழமை கல்லறையில் பாட, அவளைப் பற்றியே ஒரு பாட்டு எழுதியிருந்தார். மூன்றாவது வரி உறுத்தியது. என்ன கோளாறு என்றுதான் பிடிபடவில்லை. மோசமான பாட்டோடு அவள் முன்னால் போய் நிற்க அவருக்குத் தைரியமில்லை.

யாரிடம் கேட்பது? அவள் போனதிலிருந்து இவர் எதைப் பாடினாலும் "அருமைங்க" என்கிறார்கள். அதனால்தான் இன்றைக்குக் கம்பியில் கை வைத்தார். இப்போதாவது ஒருவர் வாயைத் திறக்க மாட்டாரா?

கிடார் ஓட்டை வாளி மாதிரி ஒலித்தது. பாடி முடித்தார்.

"அருமைங்க," என்றார் கூட்டத்தை நடத்தும் ஜெகதீசன்.

"கம்பி இறங்கிக்கினு கெடக்குது சார்!" என்று சகாயராஜே எடுத்துக் கொடுத்தார்.

"அதான் மனசப் பிசையுது."

சரியென்று, அதே பாட்டைத் தாளம் தப்பித் தப்பிப் பாடினார். விழுப்புரத்திலிருந்து வரும் இளவரசி மூக்கை உறிஞ்சினாள்.

"உங்க வலி தாளத்துக்குள்ள அடங்கல சார்."

சகாயராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்றாவது தடவை, பாட்டையே விட்டுவிட்டுக் கடையின் கலர் அட்டையைப் பாடினார்.

"ஐவரி... ஆஃப் ஒயிட்... பட்டி ரெண்டு கோட்டு... பிரைமர் ஒரு கோட்டு..."

தோப்பே விம்மியது. ஜெகதீசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வெறும் செவுரா நிக்கறேன்னு சொல்றாரு," என்று ஒருவர் பக்கத்திலிருந்தவருக்கு விளக்கினார். "இன்னொரு வாட்டி பாடுங்க சார்!"

சகாயராஜ் கிடாரை மணலில் போட்டுவிட்டு எழுந்தார். அழுகை முட்டியது. அவள் இருந்திருந்தால் 'ஐவரி'யிலேயே கத்தியிருப்பாள். இத்தனை பேர் இருந்தும் தன்னைத் திட்ட ஒரு நாதியில்லையே!

தோப்பு மூலையில் குப்பம்மாள் டீ போட்டுக்கொண்டிருந்தாள். யார் பாடினாலும் "சுமாரு" என்பதைத் தாண்டாதவள். அவள்தான் கடைசி நம்பிக்கை.

"அக்கா, நீயாவது உண்மையச் சொல்லு. என் பாட்டு எப்பிடி?"

"நல்லாக்கீது தம்பி."

"நீயுமா? அந்த மூணாவது வரி? 'கடலாட்டம் உன் மனசு'?"

"அதுவும் நல்லாக்கீது." அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. டீயைத்தான் ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க்கா எல்லாரும் இப்பிடிப் பொய் சொல்லிக்கினு இருக்கீங்க? என் மேல அவ்ளோ பரிதாபமா?"

குப்பம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள். தோப்புப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"பரிதாபமும் இல்ல, ஒண்ணும் இல்ல தம்பி. ஆஸ்பத்திரில எங்க எல்லார்கிட்டயும் செல்வி கையடிச்சி சத்தியம் வாங்கிக்கினா, 'அவுரத் திட்டறது என் வேல, நான் பூட்டாலும் அந்த வேலைய வேற யாரும் பாக்கக் கூடாது'ன்னு."