நான் நலம், போர்டை எடுக்கவும்

மதிப்பிற்குரிய ஜவுளிக்கடை மேலாளர் ராஜன் அவர்களுக்கு,

பாறசாலையிலிருந்து, ஓய்வுபெற்ற கால்வாய் ஓவர்சியர் ஜெயசிங் எழுதிக்கொள்வது. நான் நலம். இதை மரியாதைக்காக எழுதவில்லை, ஊரில் இப்போது இதற்குச் சாட்சி தேவைப்படுகிறது. தாங்களும் தங்கள் கடையும் கர்த்தர் கிருபையால் செழித்திருக்க வேண்டும். அந்தச் செழிப்பு என் தலைமேல் ஏறி நிற்காமல் இருந்தால் இன்னும் நல்லது. கடை கேரளத்தில் என்றாலும் தாங்கள் நாகர்கோவில்காரர் என்று படம் எடுத்த ஆர்யா சொன்னதால் தமிழிலேயே எழுதுகிறேன்.

தங்கள் கடையின் வேட்டி விளம்பரத்துக்கு ஒரு கிழவன் வேண்டும் என்று ஆர்யாவும் ஒரு வேன் நிறைய ஆட்களும் என் வீட்டுக்கு வந்தார்கள். மனைவி போனபின் என் வாசலில் இத்தனை செருப்பு கிடந்து நான் பார்த்ததில்லை. ஒருத்தன் விளக்கு பிடிக்கிறான், ஒருத்தன் வெள்ளைத் துணி பிடிக்கிறான், ஒருத்தி என் மூக்கில் பவுடர் போடுகிறாள், அடுக்களையில் யாரோ என்னைக் கேட்காமலே கட்டன் சாயா போடுகிறார்கள். "அங்கிளே, முகத்துல கொஞ்சம் தனிமை வேணும், ஆரும் இல்லாத்த மாதிரி," என்கிறாள் ஆர்யா. "மக்களே, வீடு நிறைய ஆளிருக்கும்போ அது எப்படி வரும்?" என்றேன். வரவில்லை. எவ்வளவு முயன்றாலும் பல் தெரிந்துவிடுகிறது. "தோத்த எலக்சன நினைச்சுக்கிடும் அங்கிளே," என்றான் விளக்குக்காரன். பஞ்சாயத்து எலக்சனில் நின்று தோற்ற கதையைச் சாயா குடிக்கும்போது நான்தான் சொல்லித் தொலைத்திருந்தேன். நினைத்தேன், கோபம்தான் வந்தது. கடைசியில் அவர்கள் சலித்துப்போய்ச் சாமான்களை வேனில் ஏற்றினார்கள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வேன் ஜன்னல் வழியாக ஆர்யா அந்தப் படத்தை எடுத்திருக்கிறாள்.

படம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைக் கறுப்பு வெள்ளையாக்கி, மேலே "என்றும் ஓர்மையில்" என்று, அதாவது என்றும் நினைவில் என்று, மலையாளத்தில் எழுதி, கடைப் பெயரைக் கீழே எறும்பு அளவுக்குப் போட்டு, பாறசாலை ஜங்ஷனில் பெரிய போர்டாக வைத்தால் என்ன ஆகும் என்று யாராவது யோசித்தீர்களா? இப்போதைய விளம்பரமெல்லாம் இப்படித்தானாம், ஆர்யா போனில் சொன்னாள். எங்கள் ஊரில் வயசான ஆளின் கறுப்பு வெள்ளைப் படம் ஜங்ஷனுக்கு வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கீழே பொடி எழுத்தில் இருப்பது அஞ்சலி செலுத்தும் நண்பர்கள்.

முதலில் வந்தவர் சபை மூப்பர் எலியா. நான் முற்றத்தில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"எலே ஜெயசிங்கே, நீ இருக்கியா?"

"இருக்கேன்."

"நாங்க அஞ்சலிப் போர்டுன்னாக்கும் நினைச்சது. குழி வெட்ட ஆளு சொல்லியாச்சே. இனி அவனுவகிட்ட என்ன சொல்லுயது?"

முகத்தில் அவ்வளவு ஏமாற்றம். நானே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவருக்குப் பின்னால் சுயம்பு வாடகை நாற்காலிகளோடு வந்தான், கொண்டுவந்ததைத் திருப்பிக் கொண்டுபோவானேன் என்று இறக்கிப் போட்டான், அழ வந்தவர்கள் அதிலேயே உட்கார்ந்து கதை பேச ஆரம்பித்தார்கள். வருஷக் கணக்கில் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத என் தங்கை ஜெயபாய் காட்டாக்கடையிலிருந்து ஆட்டோ பிடித்து, அழுதுகொண்டே வந்து இறங்கி, என்னைக் கண்டதும் முதுகில் நாலு போட்டாள். "இந்த வயசுல உனக்கு விளம்பரம் ஒரு கேடா அண்ணே?" என்று திட்டிவிட்டு, மீன் வாங்கிக் குழம்பும் வைத்தாள். உண்மையைச் சொன்னால், என் அடக்கம் நன்றாகவே நடந்தது.

ஆனால் ஜெயபாய் ஆட்டோவில் வரும்போதே திருப்புறத்தில் இருக்கும் என் மகன் வினீத்துக்கும் போன் செய்திருக்கிறாள். அவன் அம்மாவின் அடக்கத்தோடு எங்களுக்குள் பேச்சு நின்றுபோனது. என்ன சண்டை என்பது இருவருக்கும் மறந்திருக்கும், பேசாமல் இருப்பது மட்டும் மறக்கவில்லை. தகவல் கேட்டதும் பைக்கை எடுத்துக்கொண்டு புறப்பட்டிருக்கிறான். இவள் இங்கே என்னை அடித்து முடித்தபின் மறுபடி கூப்பிட்டு, "மக்கா வினீத்தே, பதறாத, அப்பா உயிரோட உண்டு," என்றாள். உதியன்குளங்கரை வரை வந்துவிட்டவன், அந்த நல்ல செய்தியைக் கேட்டு அப்படியே வண்டியைத் திருப்பிவிட்டான். உயிரோடு இருந்ததற்காக நான் வருத்தப்பட்டது அன்றைக்குத்தான்.

அதற்குப்பின் ஆள் சாகவில்லை என்று ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது, ஒருத்தரும் வருவதில்லை. ஜெயபாய் ஊருக்குப் போய்விட்டாள். சுயம்புவும் நாற்காலிகளை அள்ளிக்கொண்டு போனான். ஆகவே அந்தப் போர்டை உடனே அகற்றும்படி கண்டிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் கடையில் கூட்டம் குறையாதிருக்கட்டும், தங்கள் வீட்டிலும்.

இப்படிக்கு,
உயிரோடுள்ள
ஜெயசிங்

பி.கு.: போர்டு கிறிஸ்துமஸ் வரை இருக்கட்டும். விவரம் தெரியாத சொந்தக்காரர்கள் கள்ளிக்காட்டுப் பக்கம் இன்னும் சிலர் உண்டு. அடுத்த விளம்பரத்துக்கு அப்பனும் மகனும் தேவைப்பட்டால் மகனுக்கு வெளியில் ஆள் தேட வேண்டாம், வினீத்துக்கு வேட்டி நன்றாக இருக்கும். நம்பர் ஆர்யாவிடம் கொடுத்திருக்கிறேன். கடையிலிருந்து கூப்பிடுவதாகச் சொல்லுங்கள், என் பெயரைச் சொல்ல வேண்டாம். அவன் வருகிற அன்றைக்கு உங்கள் கேமரா வராவிட்டாலும் பரவாயில்லை.