எலும்பண்ணாச்சியின் வளராத கன்று

குத்துக்கல்வலசையிலிருந்து இலஞ்சிக்கு, எனக்குச் சொந்தமில்லாத ஒரு செவலைக் காளையை ஓட்டிக்கொண்டு, ஒரு பொய்யை மனப்பாடம் செய்தபடி நடந்துகொண்டிருந்தேன். பொய்யும் என்னுடையதல்ல. எலும்பண்ணாச்சி சொல்லிக்கொடுத்தது. பட்டினி கிடந்த மாட்டைப் பார்த்து அவரைப்போல் சந்தோஷப்பட்ட மனிதர் தென்காசித் தாலுகாவில் மட்டுமல்ல, மூவுலகிலும் கிடையாது.

யுத்தத்துக்கு முந்திய காலம். கோடை முடிவில் சந்தைக்குப் போனால் எல்லோரும் கொழுத்த கன்றைச் சுற்றி நிற்பார்கள். இவர் விலா எலும்பு தெரிகிற கன்றாகத் தேடுவார். எலும்பை எண்ணிப் பார்த்து, "ஒண்ணுகூட மறையல, நல்ல சரக்கு" என்பார். விற்கிறவன் சிரித்துக்கொண்டே கயிற்றைக் கொடுப்பான். சாரல் விழுந்து புல் தலைதூக்கியதும் நாலே மாதத்தில் அந்தக் கன்று ஆளை முட்டித் தள்ளும். விற்றவன் வந்து பார்த்துவிட்டு, அன்றைக்குச் சாப்பிடமாட்டான்.

"பட்டினி கெடந்தது தீனியக் கண்டா சும்மா விடுமாலே? விட்டதையும் சேத்துல்லா வளரும்!" என்பார்.

ஒன்றே ஒன்று. பால்குடிக் காலத்தில் காய்ந்த கன்றை அவர் தொடமாட்டார். "மேய ஆரம்பிச்ச பொறவு காஞ்சா திரும்பும். தாய் மடியில காஞ்சது திரும்பாது. எலும்பு அங்கனயே நின்னுபோகும்." முன்னங்காலைச் சாணால் ஒருமுறை அளந்தால் போதும், அவருக்குத் தெரிந்துவிடும்.

மாட்டோடு நிறுத்தியிருக்கலாம். அக்காள் மகனுக்குப் பெண் பார்க்கப் பண்பொழிக்குப் போன இடத்தில், பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டார். "ஒல்லியா இருக்கான்னு பாக்காதிய. பால்குடியில கொறை வைக்கல. மூணு மாசம் தீனி போட்டா தேறிரும்." பெண்ணின் தாயார் கேசரித் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதன்பிறகு அக்காள் வீட்டில் அவருக்குத் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை.

வேலை கேட்டுப் போன அன்று என் மணிக்கட்டையும் பிடித்தார்.

"உங்கம்மா எப்பம் செத்தா?"

"நான் பொறந்த மூணாம் மாசம்."

"அதான். இனிமே நீ வளரமாட்ட. சரி, உயரத்துக்காகச் சம்பளத்தைக் கொறைக்கமாட்டேன்."

எங்கும் மூன்று மாதம் தங்காதவன், அவரிடம் இரண்டு வருஷம் இருந்தேன்.

நான் சேர்ந்த புதிதில் இலஞ்சிப் பிச்சம்மாள் ஒரு செவலைக் கன்றை, உழவு மாடாக வளர்த்துத் தரச் சொல்லி இழுத்துக்கொண்டு வந்தாள். புருஷன் கொழும்புக்குப் போனவன் போனவன்தான். குத்தகை நிலம் ஒன்று, உழவுக்கு ஒற்றை மாடு. ஜோடி சேராவிட்டால் நிலத்தை வேறு ஆளுக்கு விட்டுவிடுவதாக நிலத்துக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். இரண்டு வருஷந்தான் தவணை. கன்றின் தாய் எட்டாம் நாளே செத்துப்போய், அது கஞ்சித் தண்ணீரில் பிழைத்திருந்தது.

அண்ணாச்சி காலை அளந்தார். "இது வராது, தாயி."

"ஊரு எலும்பையெல்லாம் காளையாக்குதிய. எங்கன்னு மட்டும் உங்களுக்கு எளக்காரமா?"

அவர் கயிற்றை வாங்கிக்கொண்டார்.

பிறகு எனக்கு ஓய்வில்லை. பருத்திக்கொட்டை, பிண்ணாக்கு, கொள்ளு. போதாததற்குக் குற்றாலத்தில் குளிக்க வந்தவர்கள் தின்றுபோட்ட பலாச்சக்கையைக் கூடைகூடையாகச் சுமந்தேன். கன்று வளர்ந்தது, பக்கவாட்டில் மட்டும். இரண்டாவது சாரல் முடிந்தபோது நாலு கால் வைத்த பூசணிக்காய்போல நின்றது. எந்த மாட்டோடு நுகத்தில் பூட்டினாலும் ஏர் சாய்ந்துவிடும். தன் பேச்சு பலித்ததற்காக வருத்தப்பட்ட ஒருவரை அப்போதுதான் பார்த்தேன்.

தவணை முடிகிற வாரத்தில் தன் கொட்டிலிலேயே உயர்ந்த செவலைக் காளையை அவிழ்த்தார். "பிச்சம்மாகிட்ட, உன் கன்னுதான் வளந்துட்டுன்னு சொல்லி விட்டுரு."

"நீங்களே போகலாம்லா, அண்ணாச்சி?"

"எனக்குப் பொய் சொன்னா கால் ஆடும்லே. நீ நாலு ஊரு தண்ணி குடிச்சவன். சொல்லிட்டு அப்படியே எங்கயாவது போயிரு. இங்கன திரும்பி வந்தா என்னைக்காவது உளறிருவ."

கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்.

பிச்சம்மாள் காளையின் நெற்றியைத் தடவினாள். அவ்வளவுதான். "எங்கன்னுக்கு இங்கன ரெட்டைச் சுழில்லா? இதுல ஒண்ணையுங் காணமே?"

மயிர்ச்சுழி பார்த்து மாடு வாங்குகிறவர்களைக் கண்டால் அண்ணாச்சி சிரிப்பார். கால் எலும்பை வாரம் தவறாமல் அளந்தவர் நெற்றியைப் பார்த்ததே இல்லை. நான் மனப்பாடம் செய்தது எல்லாம் மறந்துபோய், நடந்ததைச் சொன்னேன்.

அவள் காளையை ஒற்றை மாட்டுக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டே, கன்று எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டாள். "உழவு முடியுத மட்டும் இது நிக்கட்டும். பொறவு அவுக மாட்டை அவுக ஓட்டிக்கிடட்டும். எங்கன்னைக் கொண்டாந்து விடச் சொல்லு. ஏர் புடிக்க ஆளில்ல. நீ புடிப்பியாய்யா?"

செங்கோட்டைக்குப் போய் எஸ்டேட் வேலை பார்க்க நினைத்திருந்தவன், குத்துக்கல்வலசைக்குத் திரும்பி, சுழியில் பொய் மாட்டிக்கொண்டதையும் அவள் கன்றைக் கேட்டதையும் அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"திட்டுனாளாலே?"

"இல்ல. கன்னு எப்படி இருக்குன்னு கேட்டா. குண்டா இருக்குன்னேன்."

"உயரத்தைக் கேட்டாளா?"

"கேக்கல."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தவிடு கரைக்கப் போனார்.

மறுநாள் காலை இலஞ்சியில் ஏர் பிடிக்கும் வேலையில் சேர்ந்தேன். கன்றை அண்ணாச்சியே நடத்திக்கொண்டு வந்தார். விடியுமுன் கிளம்பியவர், வழியில் அது வாய் வைத்த இடத்திலெல்லாம் நின்று நின்று மேயவிட்டு வந்து சேர்ந்தபோது, நான் முக்கால் வயல் உழுது முடித்திருந்தேன்.