மாமனார் கொடுத்த டிஷ்

மாமனாரின் ஜீப் கீழே வந்து நின்றுவிட்டது. கல்யாணப் பரிசாக அவர் கொடுத்த டிஷ் இன்னும் எர்மெக்கின் கையில்தான் இருந்தது.

"சீக்கிரம் மாட்டித் தொலைங்க! அப்பா படியேறிட்டாரு" என்று பல்லைக் கடித்தாள் மனைவி ஜிபெக்.

சந்தா எதற்கு என்று அதைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளியவன் எர்மெக். ஜன்னலோரம் வைத்த சின்ன ஆன்டெனாவில் அதே எச்.டி. படம் ஓசியில் பளிச்சென்று வந்தது. ஆனால் மாமனார் துருசுபெக் எல்லைக்காவல் அதிகாரியாக இருந்தவர். "ஓசி டிவி பாக்கிறவனெல்லாம் ஆம்பளையா?" என்று நரின் ஊர் முழுக்கக் கேட்டவர். அவர் என்றாலே எர்மெக்குக்குப் பயம்.

டிஷ்ஷைப் பால்கனிக் கம்பியில் கட்டினான். வயரின் மறுமுனையை எங்கே செருகுவதென்று தெரியாமல் பூந்தொட்டி மண்ணில் புதைத்தான். ஆன்டெனாவைக் கம்பளித் தொப்பியால் மூடினான்.

மாமனாரும் மாமியாரும் வந்து உட்கார, டிவியில் மல்யுத்த இறுதிப்போட்டி தொடங்கியது.

"பாத்தியா மாப்ள, வேர்வை கூடத் தெரியுது. இதான் டிஷ்!" என்று மாமனார் தொடையில் தட்டினார்.

அந்த நொடியே படம் கட்டம் கட்டமாக உடைந்தது. காற்றில் திரும்பிய டிஷ், ஆன்டெனாவுக்கு நேர் எதிரே மறித்து நின்றது.

"நான் போய்த் திருப்புறேன்" என்று எழுந்தார் மாமனார்.

"ஐயோ, வேண்டாம் மாமா! வெளிய குளிரு..."

"எல்லையில பனிக்குள்ள நின்னவன்டா நான்!"

அவர் திருப்பியதும் மறைப்பு விலகியது. படம் வந்தது.

"வந்துச்சாம்மா?"

"வந்துச்சுப்பா!"

அத்தோடு விட்டாரா? கெட்டியாக இருக்கிறதா என்று வயரைப் பிடித்து இழுத்தார். அது மண்ணும் வேருமாகக் கையோடு வந்தது.

அவர் வயரைப் பார்த்தார். கண்ணாடிக் கதவு வழியே மருமகனைப் பார்த்தார். பிறகு வயரை மெல்ல மண்ணிலேயே புதைத்து, மேலே தட்டிச் சமன்செய்துவிட்டு உள்ளே வந்தார்.

"கனெக்‌ஷன் கெட்டியா இருக்கு" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். தேநீர்க் கிண்ணத்தை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

எர்மெக்குக்கு ஒன்றும் விளங்கவில்லை. ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்த மாமியார் அவன் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார்:

"பயப்படாதீங்க மாப்ள. எங்க வீட்டு டிஷ் வயரு போன வருஷத்துலேர்ந்து கோழிக்கூண்டுலதான் கிடக்கு. உங்களுக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்னு மனுஷன் வர்ற வழி பூரா நடுங்கிட்டே வந்தாரு."