போச்சண்ணன் கிண்டிய டாபி

நல்ல சேதியைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காரும் மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்கிறார். அவர் ஜலகண்டாபுரத்தில், எங்கள் தெருவில், எனக்கு அடுத்த வீட்டில் தறி போட்டிருந்தார். என் தலையெழுத்து.

அவருக்கும் பெற்றவர்கள் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அது யாருக்கும் தெரியாது. எதற்கெடுத்தாலும் "போச்சு" என்பார். ஆகவே ஊருக்கு அவர் போச்சண்ணன். மழை பெய்தால், "போச்சு, பாவு நூலு நனைஞ்சுது." பெய்யாவிட்டால், "போச்சு, கெணறு வத்திப்போவும்." எங்கள் பசு கன்று போட்டது என்று சந்தோஷமாகச் சொல்லப் போனேன். காளையா கிடாரியா என்று விசாரித்தார். கிடாரி என்றேன். "போச்சு. இனி அதுக்கும் சேர்த்துத் தீனி தேடோணும்" என்று என் முதுகைத் தடவித் துக்கம் கேட்டு அனுப்பிவைத்தார்.

மேட்டூர் அணையைக் கட்டி முடித்த புதிதில் தெருவே வண்டி கட்டிக்கொண்டு பார்க்கப் போனது. எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். போச்சண்ணன் சுவரை அண்ணாந்து பார்த்தார்.

"போச்சு. இது ஒடைஞ்சா என்னத்துக்கு ஆவறது?"

"நம்ம ஊரு மேட்டுல இருக்குதுங்கண்ணா. ஒடைஞ்சாலும் தண்ணி நம்ம பக்கம் வராதுங்க" என்றேன்.

தண்ணீரை எட்டிப் பார்த்தார். "அப்ப இம்புட்டுத் தண்ணி இருந்தும் நமக்கு ஒரு சொட்டு வராதா? போச்சு!"

போகும்போது பாட்டும் கும்மாளமுமாகப் போன வண்டி, திரும்பும்போது எழவு வீட்டிலிருந்து வருகிற வண்டியாக வந்தது. அவருக்கு அந்தக் கைராசி உண்டு.

இப்படி எதிலும் நம்பிக்கை இல்லாத மனிதருக்கு ஒன்றே ஒன்றில் மட்டும் அசைக்கமுடியாத நம்பிக்கை இருந்தது. டாபி. "டாபி கிண்டறது ரொம்பச் சுலபமுங்க" என்பார். அவர் வாயிலிருந்து நம்பிக்கையாக வந்த ஒரே வாக்கியம் அதுதான். அவருக்கு வாழ்நாளெல்லாம் வராத ஒரே காரியமும் அதுதான். போன வாரம் இந்தப் பத்திரிகையில் 'பண்டிகைக்கு வீட்டிலேயே சுலபமாக டாபி செய்யலாம்' என்று யாரோ ஒரு அம்மாள் எழுதியிருந்தார். அந்தச் 'சுலபமாக' என்ற சொல்லைப் படித்ததுமே எனக்குத் தாடை வலி எடுத்துவிட்டது. இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

டாபி அவருக்கு வந்து சேர்ந்தது சேலத்திலிருந்து. ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு பங்களாவுக்குத் துண்டு விற்கப் போயிருக்கிறார். கிறிஸ்துமஸ் சமயம். அங்கே இருந்த பட்லர் ஒரு துண்டு டாபியைக் கையில் வைத்து, பக்குவத்தையும் சொல்லிக் கொடுத்திருக்கிறான். சர்க்கரை, வெண்ணெய், கொஞ்சம் பால். கொதிக்கவிட வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். அது படக்கென்று ஒடிந்தால் இறக்கித் தட்டில் கொட்டி, வில்லை போட வேண்டும். சின்னக் குழந்தைகூடச் செய்துவிடும் என்றும் சொன்னானாம். குழந்தை செய்திருக்கும். பட்லரின் போதாத காலம், அதை ஒரு நெசவாளியிடம் சொன்னான்.

நெசவுக்காரனுக்கு உலகத்தில் ஒரே பயம்தான், இழை அறுவது. விடிகாலையில் தெரு நீளத்துக்குப் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போடும்போது, கஞ்சியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து இழுத்துப் பார்ப்போம். அறாமல் ஒட்டிக்கொண்டு நீண்டு வந்தால் பக்குவம் சரி. பிறந்ததிலிருந்து அதைச் செய்த கை, பாகு படக்கென்று ஒடியட்டும் என்று காத்திருக்குமா? போச்சண்ணன் பாகை எடுத்து விரலில் வைத்து இழுப்பார். இந்த விரலுக்கும் அந்த விரலுக்கும் நடுவில் நூல் மாதிரி நின்றால், "ஆச்சு, எறக்கு" என்பார்.

"பட்லர் ஒடியோணும்னு சொன்னாருங்களேண்ணா?" என்று வருஷம் தவறாமல் கேட்பேன்.

"ஒடியற எழைய வெச்சுக்கிட்டு என்னத்தத் தம்பி நெய்யறது?" என்று வருஷம் தவறாமல் சொல்வார்.

பாகுப் பக்குவம் போய்க் கஞ்சிப் பக்குவத்தில் இறங்கிய டாபி, டாபியாக இருக்காது. கோந்தாக இருக்கும். ஒரு தீபாவளிக்குக் கிண்டிய கரண்டி சட்டியில் நட்டது நட்டபடி நின்றுவிட்டது. பொங்கலுக்குத்தான் பிடுங்க முடிந்தது. இன்னொரு தீபாவளிக்கு, எங்கள் தெரு நாய் ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு ஓடியது. கார்த்திகை வரைக்கும் அது குரைக்கவே இல்லை. அந்த இடைவெளியில் தெருவில் கோழிகள் காணாமல் போனதற்கு நான் போச்சண்ணனைத்தான் பொறுப்பாக்குவேன். அவர் மனைவி பாவாயக்கா ஒவ்வொரு தடவையும் சட்டியைச் சுரண்டிக்கொண்டே அழுவாள். அவர் மட்டும், "அடுத்த தீவாளி நோம்பிக்குப் பாரு" என்பார். எதிர்காலத்தைப் பற்றி அவர் நல்லதாகப் பேசிய சந்தர்ப்பங்கள் இவைதான்.

பிறகு சண்டை வந்தது. ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தான். எங்களுக்கு நூல் நின்றது. சர்க்கரைக்கு ரேஷன், மண்ணெண்ணெய்க்கு வரிசை. நூலுக்குக் கண்ட்ரோல் வந்து, தறிக்குழிகளில் பூனைகள் குட்டி போட்டன. தெருவில் காலையில் பாவு நீட்ட ஆளில்லை. ஒவ்வொரு குடும்பமாக மூட்டையைக் கட்டிக்கொண்டு ஷோலாப்பூர் பக்கம் போயிற்று. இத்தனை வருஷமாகப் போச்சண்ணன் சொல்லிக்கொண்டிருந்த அத்தனையும் நடந்துவிட்டது. ஊரே வாய்க்கு வாய் போச்சு போச்சு என்றது. அப்படியானபின் அவர் சொல்வதற்கு என்ன இருக்கிறது? மனிதர் பேச்சையே குறைத்துக்கொண்டார்.

அந்த நாளில்தான் அவருடைய ஒரே மகள் செல்லத்துக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை குமாரபாளையம். "இந்தப் பஞ்சத்துல கல்யாணத்துக்கு எவன் வரப்போறான்? போச்சு" என்று முடிவுகட்டி, போச்சண்ணன் பாயசத்தை ஒரு சின்ன அண்டாவோடு நிறுத்திவிட்டார். பஞ்சத்தில்தானே கல்யாணச் சாப்பாட்டுக்குக் கூட்டம் வரும்? ஊரே திரண்டு வந்தது. மாப்பிள்ளையின் அம்மா இலையில் உட்கார்ந்தபோது அண்டா காலி. அந்த அம்மாள் சத்தம் போடவில்லை. இலையை மடக்கிவிட்டு எழுந்து, "பரவால்லீங்க. இனிப்புக் குடுத்துப் பழக்கமில்லாத ஊடு போலிருக்குது" என்று மட்டும் சொன்னாள்.

அந்த வாக்கியம் செல்லத்தோடு குமாரபாளையத்துக்குக் குடிபோனது. உப்புக் குறைந்தால் அந்த வாக்கியம், கோலம் கோணினால் அந்த வாக்கியம். தலைதீபாவளிக்கு முன்னாலேயே வந்து சேர்ந்த செல்லம், அடுப்படியில் அப்பாவிடம் சொல்லி அழுதாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது.

"அப்பா, நோம்பி முடிஞ்சு போறப்ப ஒரு பலகாரம் ஒழுங்காக் கட்டிக் குடுத்துருங்க. வெறுங்கையோட போனா என்னால அந்த ஊட்டுல இருக்க முடியாதுங்கப்பா. அத்தை வாய்க்கு என்னால பதில் சொல்லிச் சொல்லி ஆவல."

"அழுவாத சாமி. உங்கப்பன் இருக்கறன்ல?" என்றார் போச்சண்ணன்.

பாவாயக்கா அதிரசம் சுடலாம் என்றாள்; கெஞ்சினாள் என்றே சொல்ல வேண்டும். "அதிரசம் எல்லார் ஊட்டுலயுந்தான் இருக்குது. டாபி எவ ஊட்டுல இருக்குது? அந்தச் சம்பந்தியம்மா கண்ணுல கண்டிருப்பாளா?" என்று கேட்டுவிட்டு, பரமத்திப் பக்கத்து வெல்லத்தை நசுக்க உட்கார்ந்துவிட்டார். ரேஷன் சர்க்கரையில் காபிக்கு மேல் ஒன்றும் ஆகாது.

கிண்டுவதற்குத் துணையாக நான் போனேன். அடுப்புக்கு எதிரில் உட்கார்ந்து கிண்டிக்கொண்டிருந்தார். பிறகு நெருப்பைப் பார்த்துக்கொண்டே, "நூலு போச்சு, தறி போச்சு, தம்பி. என்ர அவசரப் புத்தியால புள்ள மானமும் போச்சு. இது ஒண்ணாவது வரோணும்" என்றார். விளையாட்டுக்குப் போச்சு என்று சொல்லும் குரல் இல்லை அது. அடிவயிற்றிலிருந்து வந்தது. அன்றைக்கு நான் பட்லர் பேச்சை எடுக்கவில்லை. பாகை விரலில் வைத்து இழுத்தார். அறாமல் நின்றது. "ஆச்சு, எறக்கு" என்றார். தெய்வமே என்று இறக்கிவைத்தேன்.

தீபாவளி விடிந்தது. மாப்பிள்ளை எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டியோடு பாயில் வந்து உட்கார்ந்தான். சாதுவான பையன். மாப்பிள்ளை பார்க்க அக்கம்பக்கத்துச் சனமெல்லாம் கூடிவிட்டது. போச்சண்ணன் பித்தளைத் தட்டை நீட்டினார். மரியாதைக்கு அவன் இருந்ததிலேயே பெரிய துண்டாக எடுத்து வாயில் போட்டு, அழுத்திக் கடித்தான்.

"எப்படியிருக்குதுங்க, மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை கண்ணைக் கொட்டினான்.

"இனிப்புப் போதுமுங்களா?"

மாப்பிள்ளை அவரையே பார்த்தான். வாய் திறக்கவில்லை. சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. தலைதீபாவளியில் மாப்பிள்ளை பேசாமல் உட்கார்ந்தால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். முறுக்கிக்கொண்டுவிட்டார், மாமனார் ஏதாவது செய்கிறேன் என்று சொன்னால்தான் வாய் திறப்பார். சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். "மோதரம் கேக்கறாருங்க" என்று கூட்டத்தில் ஒருவர் மொழிபெயர்த்தார்.

"மோதரம் போட்டர்றனுங்க மாப்பிள்ளை. அறுவடைக்கு அப்பறம்…" என்றார் போச்சண்ணன். அவருக்கு நிலமே கிடையாது.

மாப்பிள்ளை வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

"மோதரம் பத்தாதாமா. சைக்கிளுங்க" என்றார் அதே மொழிபெயர்ப்பாளர்.

"சைக்கிளும் வாங்கிக் குடுத்தர்றனுங்க."

மாப்பிள்ளை இரண்டு கையையும் சேர்த்து ஆட்டினான். கண்ணில் தண்ணீர் வேறு வந்துவிட்டது. கண்ணீர் விடுகிற அளவுக்கு மாப்பிள்ளைக்கு மனத்தாங்கலா என்று கூட்டம் 'உச்' கொட்டியது. பாவாயக்கா காதுத் தோட்டின் திருகைக் கழற்றத் தொடங்கினாள். அவளிடம் இருந்த தங்கமே அதுதான். "தறிய எடுத்துக்குங்க மாப்பிள்ளை. அதுக்கு மேல என்ரகிட்ட ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லி, போச்சண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் எல்லாரும் அவர் 'போச்சு' என்று சொல்லக் காத்திருந்தோம். சொல்லவில்லை. உண்மையாகவே எல்லாம் போய்விட்ட அந்த இடத்தில் மனிதருக்கு அந்தச் சொல் வரவில்லை. வாழ்நாளில் எனக்கு அவ்வளவு பயம் வந்ததில்லை. சொல்லுங்களேன் அண்ணா என்று கத்த வேண்டும் போலிருந்தது.

செல்லம்தான் கிட்டே போய்ப் புருஷன் முகத்தை உற்றுப் பார்த்தாள். கன்னம் உப்பியிருந்தது. தாடை இரண்டு பக்கமும் துடித்துக்கொண்டிருந்தது.

"அய்யோ அப்பா! இவருக்குக் கோவமில்லீங்க. பல்லு ஒட்டிக்கிச்சு!"

சுடுதண்ணீர் வந்தது. மாப்பிள்ளை கடைவாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி, கொப்பளித்து, மறுபடி உறிஞ்சினான். தெருவே நின்று அவன் தாடையைப் பார்த்தது. கடைசியில் 'களுக்' என்று ஒரு சத்தத்தோடு வாய் திறந்தது. அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தாடையை அப்படியும் இப்படியும் ஆட்டிப் பார்த்துவிட்டு, பேசினான்.

"மாமா, இதுல இன்னும் இருக்குதுங்களா?"

"சட்டி நெறைய இருக்குதுங்க மாப்பிள்ளை" என்றார் போச்சண்ணன், தூக்குத் தண்டனைக் கைதியின் குரலில்.

"பெரிய துண்டாப் பார்த்துக் கட்டிக் குடுங்க. எங்கம்மாவுக்கு."

செல்லம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். சிரித்தாளோ அழுதாளோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த வீட்டில் அம்மா பேசியது அத்தனையும் இந்தச் சாதுப் பையன் காதில் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அவனும் ஒரு வழி தேடிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். பாவாயக்கா தோட்டைத் திருப்பி மாட்டிக்கொண்டாள். போச்சண்ணன் மாப்பிள்ளையைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். நிதானமாகத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"போச்சு! சம்பந்தியம்மாளுக்கு இருக்கறதே நாலஞ்சு பல்லுத்தான்!"

அந்தச் சொல்லைக் கேட்டு நான் அழுதேன். சந்தோஷத்தில்தான். குமாரபாளையத்தில் அத்தை பொட்டலத்தைப் பிரித்த அந்த வாரம் முழுக்க வீட்டுக் கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது என்று செல்லம் பிறகு சொன்னாள்.

அதனால் மற்றதெல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். நூல் வரவில்லை. அடுத்த ஆடிக்குள் போச்சண்ணன் தறியைப் பிரித்து விறகாகப் போட்டார். அவர் பயந்த எதுவும் அவரை விட்டுவைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்த வீட்டில் சட்டி ஏறியது. ஒரு தடவைகூட டாபி வரவில்லை. ஒரு ஐப்பசியில், வெல்லம் வாங்கி வைத்துவிட்டு, அவர் போய்ச் சேர்ந்தார்.

செல்லம் இன்றும் தீபாவளிக்கு எனக்கு ஒரு பொட்டலம் அனுப்புகிறாள். அப்பா பக்குவம்தான்; பட்லர் பேச்சை அவளும் கேட்கவில்லை. எனக்கு இருக்கிற பல்லுக்கு அதைக் கடிக்க முடியாது. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். வீட்டில் யாராவது ஏதாவது கேட்டால் கையை மட்டும் ஆட்டுவேன். அது கரைய வெகுநேரம் ஆகும். ஆகட்டுமே. எனக்கு ஒன்றும் அவசரமில்லை.