பதினெட்டு வீடு தள்ளி ஒரு கோப்பி

இனி ஒரு அடிகூட நடப்பதில்லை என்று நான் முடிவெடுத்தது ஒரு திங்கட்கிழமை. முடிவெடுத்த இடம், வரிசை வீடுகள் கொண்ட எங்கள் லயத்து வாசலில் கிடந்த சாய்வு நாற்காலி.

இருபது வருஷம் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகையில் வேலை. ஷீட்டோடு சேர்ந்து நானும் பதமாகிவிட்டேன். பத்து அடி வைத்தால் நெஞ்சுக்குள் யாரோ கதவைச் சாத்துகிறார்கள். அந்த நேரம் செத்துவிடுவேன் என்றே பயம். வெளியில் கேட்டால் முழங்கால் வலி என்பேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் சிவசாமியை மட்டும் ஏமாற்ற முடியாது.

"பெரியதம்பி, உட்கார்ந்தே இருந்தா கால் நடையை மறந்துரும். தினமும் கொஞ்சம் நடங்க. மூச்சு முட்டினா நில்லுங்க. மூக்கால இழுத்து, சுடுகோப்பிய ஊதுற மாதிரி உதட்டைக் குவிச்சு மெதுவா விடுங்க. பயம் போனதும் மறுபடி நடங்க."

"நடந்தா என்ன கிடைக்கும்?"

"முள்கம்பி கேட்டுல காவலுக்கு ஆள் தேடுறாங்க. உட்கார்ந்த வேலை. அடுத்த மாசம் முதல் தேதி லயத்திலேருந்து நீங்களா நடந்து வந்து காட்டுங்க, துரைகிட்ட சொல்றேன்."

மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலம் அது. சுங்கை ஊடாங் பக்கத்தில் எங்கள் தோட்டத்தையே கம்பி கட்டி வைத்திருந்தார்கள். ஒரு வருஷமாக என் மனைவி முனியாயி ரப்பர் மரத்தில் பால் வெட்டித்தான் எனக்குச் சோறு. அது எனக்கு வெட்கமாக இருந்தது. கண்ணை மூடினால் கேட்டில் ஒரு நாற்காலி, அதில் நான், கையசைத்தால் லாரி நிற்கிறது. ரப்பர் இலை உதிர உதிரக் கனவு நீண்டுகொண்டே போகும். நடக்கத்தான் மனமில்லை. முதல் தேதி பக்கத்து வீட்டுத் தம்புசாமி சைக்கிளில் தொற்றிப் போய்விடலாம் என்று ரகசியத் திட்டம் வைத்திருந்தேன்.

மறுநாள் மத்தியானம் முனியாயி வெறும் குவளையோடு வந்தாள்.

"சீனி தீர்ந்து போச்சிங்க. ரேஷன்ல குறைச்சிட்டானுங்க."

"கோப்பி?"

"அன்னம்மா வீட்ல இருக்காம். நாலு வீடுதானே, குடிச்சிட்டு வாங்க."

சீனியில்லாக் கோப்பி என் தொண்டையில் இறங்காது. போனேன். இரண்டு இடத்தில் நின்றேன், ஊதினேன். அன்னம்மா, "வாங்கண்ணே" என்று ஆவி பறக்கக் கொடுத்தாள். அடடா, நமக்கு எவ்வளவு மரியாதை என்று மயங்கிப் போனேன்.

அடுத்த வாரம் அன்னம்மா வீட்டிலும் சீனி தீர்ந்தது.

"முனுசாமி வீட்ல இருக்காம்" என்றாள் முனியாயி.

"அது பத்தாவது வீடு, புள்ளே."

"அப்ப வெறுங்கோப்பி குடிங்க."

பத்தாவது வீடு. ஐந்து இடத்தில் நின்றேன். சில நாளில் அது மூன்றானது. அதற்குப் பிறகு கேட்டையொட்டிய தங்கராஜு வீடு, சரியாகப் பதினெட்டாவது. மத்தியான வெயில், புகை வாசனை, தூரத்தில் எனக்காகக் காத்திருக்கும் ஒரு குவளை. கால் எப்படிப் போகிறதென்றே தெரியாது. கதவு சாத்துகிற பயமும் எங்கேயோ போய்விட்டது.

முதல் தேதி சைக்கிள் ஞாபகமே வரவில்லை. ஒரே ஒரு தடவை நின்று ஊதிவிட்டு கேட்டில் போய் நின்றேன். சிவசாமி முதுகைத் தட்டினார். வேலை கிடைத்துவிட்டது.

வீட்டில் பெருமையாகச் சொன்னேன். "பார்த்தியா, ஒரு நாள்கூட நடைப்பயிற்சி செய்யலை. சும்மா கோப்பி குடிச்சே ஜெயிச்சிட்டேன். டிரசரையே ஏமாத்தியாச்சி."

"உங்க மூளை யாருக்கு வரும்" என்றாள் முனியாயி.

வேலையின் முதல் நாள். கனவில் கண்ட அதே நாற்காலி. சாயங்காலம் நாலு மணி, வேலை முடிகிற நேரம். பக்கத்து வாசலில் தங்கராஜு நின்றான்.

"தம்பி, கோப்பி?"

"சீனி இல்லையே அண்ணே. அக்கா காலையில வந்து டின்னோட எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"எந்த அக்கா?"

"உங்க வீட்டு அக்காதான். அவங்க சீனிதானே அது. அன்னம்மா வீட்ல கொஞ்ச நாள், முனுசாமி வீட்ல கொஞ்ச நாள், அப்புறம் எங்க வீட்லன்னு அவங்கதான் டின்னைக் கொண்டாந்து வச்சாங்க. இனிமே கோப்பி உங்க வீட்லதானாம், சொல்லச் சொன்னாங்க."

எழுந்து உதட்டைக் குவித்து ஊதிவிட்டு, பதினெட்டு வீட்டையும் திரும்ப எண்ணிக்கொண்டு நடந்தேன்.