மாத்திரை மேல் பழி

தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு எதிர்க்கடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வலிப்பு மாத்திரையை வாங்கப் போன மனைவி பதினொரு நிமிடமாக மருந்துக்கடையில் நிற்கிறாள். அதில் நான்கு நிமிடம் சிரிப்பு.

"ஒரு அட்டை மாத்திரைக்கு இவ்வளவு நேரமா?" என்றார், அவள் திரும்பி வந்ததும்.

"உங்களுக்குத் தலைசுத்தல் இருக்கான்னு கடைக்காரர் விசாரிச்சார். உங்களைப் பத்தித்தாங்க பேசினோம்."

"என்னைப் பத்திப் பேசினா சிரிப்பு வருமா?"

டாக்டர் எழுதுவதை அவள் வாங்குவாள்; அவள் கொடுப்பதை அவர் விழுங்குவார். வலிப்பு வந்து வெகுநாளாயிற்று. வயிற்றெரிச்சல்தான் அடங்கவில்லை.

அடுத்த மாதம் அவரே கடைக்குப் போனார்.

"அக்கா வரலையா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

அக்காவாம், அக்கா! மாத்திரையை இனி வீட்டுக்கே அனுப்பும்படி சொல்லிவிட்டு வந்தார். மறுமாதம் மருந்துக்கடைக்காரரே நேரில் கொண்டுவந்து கொடுத்து, உட்கார்ந்து டீயும் குடித்துவிட்டுப் போனார்.

அந்த ஆள் சட்டை தைக்கத் துணி கொடுத்ததும் தையல்காரர் வேண்டுமென்றே மார்பில் இரண்டு அங்குலம் குறைத்து வெட்டினார். போட்டுப் பார்த்தபோது இரண்டு பட்டன் தெறித்து விழுந்தது. மனைவி ஊசியோடு ஓடிவந்தாள்.

"ஐயோ பாவம்! கழட்டாதீங்கண்ணே, அப்படியே ஓரமாத் தள்ளித் தைச்சுடறேன்."

நெஞ்சருகே குனிந்து இரண்டு பட்டனையும் அவள் நிதானமாகத் தைத்தாள். முடிவதற்குள் தையல்காரர் பாதி செத்துப்போனார்.

அன்று வீட்டில் பெரிய ரகளை. மனைவி பெட்டியில் துணிகளை அடுக்கினாள்.

"இனிமே ஒரு நிமிஷம் இங்க இருக்க மாட்டேன். எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

தையல்காரருக்குக் கைகால் ஓடவில்லை. அவள் இல்லாமல் அவருக்கு ஒரு வேளைகூட நகராது. தலைவலிக்கு ஏதாவது கிடைக்குமா என்று மருந்து டப்பாவைக் குடைந்தபோது, அடியில் மடித்த தாள் ஒன்று அகப்பட்டது. வலிப்பு மாத்திரையோடு வந்தது. 'பக்கவிளைவுகள்: எரிச்சல், கோபம், காரணமில்லாத சந்தேகம்.'

"பாத்தியா! நான் இல்லடி, எல்லாம் இந்த மாத்திரை!"

அவள் இரண்டு தடவை படித்தாள். கண் கலங்கிவிட்டது.

"இது தெரியாம உங்களைப் போய்த் திட்டிட்டேனே!"

துணிகள் அலமாரிக்குத் திரும்பின. இருவரும் கையோடு டாக்டரிடம் ஓடினார்கள். தையல்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தாளை நர்ஸிடம் நீட்டினார்.

"முதல்ல இந்த மாத்திரையை மாத்திக் கொடுக்கச் சொல்லுங்க."

நர்ஸ் தாளைப் பார்த்தாள். அவருடைய ஃபைலைப் புரட்டினாள்.

"இதை டாக்டர் நிறுத்தி ஒன்றரை வருஷம் ஆச்சே சார்! இப்ப நீங்க சாப்பிடறதுக்குத் தூக்கம் மட்டும்தான் வரும்."